ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான கால்

ரெஜின் வீட்டைத்தானே விசாரித்தீர்கள்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டிக்கடையில் நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. அங்கே போக வேண்டாம் சார், அவன் வீட்டில் இல்லை. இப்படி நிழலில் உட்காருங்கள். கட்டன் சாயா குடிப்பீர்களா? இந்த நேரத்தில் இங்கே பாலுக்கு வழியில்லை.

நான் கிளீட்டஸ். தோமையார்துறை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் செயலாளர். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். இந்த ஊரில் மாஸ்டர் என்று கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டைக் காட்ட மாட்டார்கள். என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

நீங்கள் யாரென்று சொல்ல வேண்டாம். சென்னை கிளப்பின் மேனேஜர். ரெஜினைத் திரும்பவும் எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். அவனே சொன்னான். போன வாரம் முழுக்க இதே பேச்சுதான். "மாஸ்டர், என்னையத் திரும்ப எடுக்கப் போறாவளாம் மாஸ்டர். புதுக் கோச்சுக்கு இடது விங்குல ஆள் வேணுமாம். ஒரு ஆளு என்னையப் பாக்க வாறாவளாம்." பெரிய ஆம்பிளை, கல்யாணம் நிச்சயமான பெண்ணைப் போல சிரித்துக்கொண்டு திரிந்தான். எனக்கே பாவமாக இருந்தது.

நேற்றிலிருந்து அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தீர்கள் இல்லையா? தெரியும். என் அலமாரிக்குள்தான் அடித்தது. தப்பாக நினைக்காதீர்கள், இது எங்கள் கிளப்பின் வழக்கம். திருவிழாக் கோப்பை ஃபைனல் வருகிற வாரம் டீம் மொத்தமும் கோயில் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும். போன்கள் எல்லாம் என் அலமாரியில். சாவி என் இடுப்பில். ஒரு வருடம் ஒருத்தனுடைய பெண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தது. மேட்ச் முடிந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னோம். ஆண் பிள்ளை. நன்றாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை.

உங்கள் மெசேஜ் அவன் போனில் மேலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன் என்று. சரி, தூரத்திலிருந்து வருகிற மனிதர், வந்து முழிக்கக் கூடாது என்று நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இல்லை, அவனுக்கு நீங்கள் இன்றைக்கு வருவது தெரியாது. ஃபைனல் நேரத்தில் பிள்ளைகள் மனதைக் குழப்பக் கூடாது. அவன் ஆசானிடம் போயிருக்கிறான். ஆசான் என்றால் எங்கள் பக்கத்து வர்ம வைத்தியர். முழங்காலை எண்ணெய் போட்டு நீவி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்து அனுப்புவார்.

குடியுங்கள் சார். சர்க்கரை போதுமா?

முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். பல வருடமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவன் உங்கள் டீமில் ஆடின முதல் மேட்சை டி.வி.யில் காட்டினார்கள். ஊரே கோயில் முற்றத்தில் திரை கட்டிப் பார்த்தது. அவன் பந்தைத் தொட்டதும் அந்த வர்ணனைக்காரர் என்ன சொன்னார்? "இந்தக் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பிள்ளை" என்றார். வளர்ந்த பிள்ளை. நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது மீசை முளைத்துவிட்டது சார் அவனுக்கு. அதுவரை எங்கே வளர்ந்தான்? கடலுக்குள்ளா?

எனக்குப் பெயரெல்லாம் வேண்டாம். ஊர் பெயரையாவது சொல்லியிருக்கலாம். இருக்கட்டும், விடுங்கள்.

அவன் அப்பா கடலில் போய்விட்டார். அம்மா பிலோமி மீன் கூடை சுமக்கிறவள். பையன் கரையில் சும்மா திரிந்தான். நான்தான் பிடித்து வந்து பந்தைக் காலில் போட்டேன். மணலில் ஓட விட்டேன். மணலில் ஓடினவனுக்குத் தரையில் ஓடுவது பறக்கிற மாதிரி இருக்கும். பதினாலு வயதில் அவனுடைய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் சின்னப் பிள்ளைகள் டீமில் ஆடுவான். மத்தியானம் அடுத்த டீம். சாயங்காலம் பெரியவர்களோடு. ஒரே நாளில் மூன்று மேட்ச், மூன்று ஜெர்சி. முதல் ஜெர்சி காய்வதற்குள் மூன்றாவது ஈரமாகிவிடும். ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். அவன் சொல்லவே இல்லையே.

உடம்பு தாங்குமா என்று கேட்கிறீர்கள். அவன் உடம்பைப் பற்றி என்னிடம் கேளுங்கள். பதினைந்து வயதில், யாக்கோபுபுரத்தில் செமிஃபைனல். யாக்கோபுபுரம் என்றால் அடுத்த கரை. அவர்களோடுதான் எங்களுக்குக் காலம் காலமாகப் போட்டி. பாதி மேட்சில் பையனுடைய முழங்கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டது. நீட்ட முடியவில்லை. இடைவேளையில் ஆசானைக் கூப்பிட்டோம். நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசான் காலை ஒரே இழுப்பு. சத்தம் எதிர்ப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள் சார். பையன் மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பி, "லேய் ரெஜினே, எழும்பு மக்கா, ஊரு மானம்" என்றேன். எழுந்தான். இரண்டாம் பாதியில் கோல் போட்டான். அந்தக் கோலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். நீங்கள் உடம்பு தாங்குமா என்கிறீர்கள்.

என்னது? உங்கள் டாக்டர் அப்படியா சொன்னார்? பழைய கிழிசலா? உங்களிடம் வருவதற்கு முன்னாலேயே உள்ளே கிழிந்து, சரியாக ஆறாமல் கிடந்ததாமா?

டாக்டர்கள் அப்படித்தான் சார் சொல்வார்கள். தன் கையில் கெட்டுப்போன சாமானை முந்தின கடைக்காரன் தலையில் கட்டுவது. எங்கள் மணலில் யாருக்கும் கால் கெட்டதில்லை. உங்கள் புல்தரைதான் ஆகாது. பச்சைப்பசேலென்று இருக்கும், காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என்னிடம் ஆடின டென்சனுக்குக் கால் கெட்டது, உண்மைதான், ஆனால் அது வம்சம். அவன் அண்ணனுக்கும் என்னுடைய கேம்ப்பில் இருக்கும்போதுதான் கெட்டது. ஷிபினுக்குக் கெட்டது என்றால் அவன் குடிப்பான். கால் கெட்ட பிறகுதான் குடிக்க ஆரம்பித்தான் என்று அவன் மாமனார் சொல்வார். அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை.

ரெஜினைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன். பிறவியிலேயே கொஞ்சம் பலமில்லாத எலும்பு. அம்மா சரியாகச் சாப்பாடு போடவில்லை.

உங்களிடம் நான் ஒளிக்க விரும்பவில்லை. தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நியாயமாகச் சொல்கிறேன், அவனை எடுக்காதீர்கள்.

இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. அது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகுதானே கையைக் கழுவினீர்கள். தெரியாததை நான் சொல்கிறேன். காலையில் மண்டபத்துப் படியில் நேராக இறங்க மாட்டான். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவான். பூசையில் எல்லாரும் முழங்கால் போடும்போது அவன் மட்டும் நிற்பான். சென்னை போய் வந்த திமிர் என்று கிழவிகள் பேசினார்கள். திமிர் இல்லை சார், மடங்காது. கரையில் பிள்ளைகள் அவனுக்கு வைத்திருக்கிற பெயர் கொக்கு. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுத்தானே நிற்கிறான்.

கடலுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் அதுவும் இல்லை. தாய்மாமன் வள்ளத்தில் ஒரு நாள் போனான். ஒரு சின்ன அலைதான். முழங்கால் வெட்டி இழுத்து வலையோடு சேர்ந்து விழுந்தான். வலை சிக்கி, அன்றைய மீன்பாடு பாழ். அதோடு சரி. மாமனே ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். "மருமவனே, நீ ஓடத் தெரிஞ்சவன். எனக்கு நிக்கத் தெரிஞ்ச ஆளு போதும்" என்றாராம். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லாத்தான் சொன்னார்.

இப்போது அவனுக்கு உங்களை விட்டால் வேறு போக்கில்லை. ஒரு வருடம் ஒப்பந்தம் கிடைத்தால் அந்தச் சம்பளத்தில் காலைச் சரியாகப் பார்த்துக்கொள்ளலாம், பிறகு பிள்ளைகளுக்குக் கோச்சாகப் படிக்கலாம் என்று ஏதேதோ கணக்கு வைத்திருக்கிறான். அதையும் என்னிடம் சொன்னான். பிள்ளைகளுக்குக் கோச்சா? இந்த ஊருக்குத்தான் நான் இருக்கிறேனே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம், எங்களுக்கு ஆடுகிறான். எங்கள் கமிட்டியிலும் இதே கேள்விதான் வந்தது. போன வருடம் பையோடு வந்து இறங்கினபோது, எடுக்கலாமா வேண்டாமா என்று. டீமிலிருக்கிற புதுப் பையன்கள், இவன் வேண்டாம் என்றார்கள். "மாஸ்டர், அந்த அண்ணனுக்கக் காலு போச்சு. பாக்கவே கஷ்டமாட்டு இருக்கு" என்றான் ஒருத்தன். நான் எழுந்து நின்று சொன்னேன். ரெஜினுடைய ஒன்றரைக் கால் உங்கள் எல்லாருடைய இரண்டு காலையும்விட மேல் என்றேன்.  இந்த வருடச் செமிஃபைனலில் கடைசி நேரத்தில் அவனை இறக்கினேன். கொஞ்ச நேரம்தான். மூன்று பேரைக் கடந்து போய் அடித்தான். பிறகு வெளியே தூக்கிக்கொண்டுதான் வந்தோம். ஆனால் அடித்தான்.

நான் மாற்றி மாற்றிப் பேசவில்லை சார். நீங்கள்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். உங்களுக்கு ஒரு சீசன் முழுக்க ஓடுகிற கால் வேண்டும். அது அவனிடம் இல்லை. எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அது இருக்கிறது. இதில் என்ன முரண்பாடு?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு என்னவென்று உங்களுக்குப் புரியாது. உங்கள் ஊரில் தோற்றால் டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இங்கே ஃபைனல் முடிந்த மறுநாள் காலை, ஜெயித்த ஊர்க்காரன் கோப்பையை வள்ளத்தின் முன் முனையில், அணியத்தில் கட்டுவான். தோற்ற ஊர்க் கரையை ஒட்டி, மெதுவாக, எஞ்சினைக் குறைத்து ஓட்டுவான். பாட்டுப் போடுவான். நாம் கரையில் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் ஒளிந்தால் அது இன்னும் கேவலம். மூன்று வருடமாக யாக்கோபுபுரத்து வள்ளம் எங்கள் கரையோரம் போகிறது சார். போன தடவை என் வீட்டுக்கு நேராக எஞ்சினையே நிறுத்தினார்கள். மெகாபோனில் என் பெயரைச் சொல்லி, "கிளீட்டஸ் மாஸ்டரே, சாயா குடிச்சீரா?" என்று கேட்டார்கள். என் மருமகள் அடுக்களையில் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

இந்த வருடம் அவர்கள் கேரளத்திலிருந்து கூலிக்கு இரண்டு பின்வரிசை ஆட்டக்காரர்களை இறக்கியிருக்கிறார்கள். அவர்களைக் கடக்க எங்களிடம் ஒரே ஆள்தான்.

அவன் அம்மா வந்தாள், பிலோமி. முந்தாநாள், கமிட்டி உட்கார்ந்திருக்கும்போது, கூடையோடு வாசலில் நின்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "மாஸ்டரே, இந்த ஒரு மேட்ச் மட்டும் எனக்க மவன விட்டிரும். சென்னையிலேர்ந்து ஆளு வந்து பாத்துட்டுப் போவட்டும். அதுக்குப் பொறவு அவன நீரு என்ன வேணுமானாலும் செய்யும்."

நான் நிதானமாகத்தான் சொன்னேன். "பிலோமி, உனக்க மாப்பிள கடல்ல போனப்ப தேடப் போன வள்ளத்துக்கு எண்ண ஊத்துனது ஆரு? கிளப்பு. சவப்பெட்டியத் தூக்குனது ஆரு? கிளப்பு. இப்ப மவனுக்கக் கால நீ முந்தானையில முடிஞ்சி வச்சிக்கிடுவியோ?"

அவள் இறக்கி வைத்த கூடைக்குக் குனிந்தாள். கூடையை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றாள். யாராவது கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட வேண்டும் இல்லையா. கமிட்டியில் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவளே தரையில் உட்கார்ந்து, தலையில் வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து போனாள். அந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் வீம்பு அதிகம்.

சொல்லுங்கள். இல்லை, நான் கேட்கிறேன், சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஸ்கேனா? சென்னையிலா? ஸ்கேன் நன்றாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்தா?

ஓ. அப்படியென்றால் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். புதுக் கோச் அவனுடைய பழைய மேட்சையெல்லாம் பார்த்தாராமா? டாக்டரும் சொல்லிவிட்டாரா, இரண்டாவது ஆபரேஷன் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் பாரம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் ஆடலாம் என்று? இதையெல்லாம் அவனிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை. நல்லது. நேரில் சொல்லலாம் என்று வந்தீர்கள். நல்ல மனது சார் உங்களுக்கு.

அதுவரை எந்த மேட்சும் ஆடக் கூடாது, இன்று ராத்திரி ரயிலிலேயே கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதானே?

அது முடியாது.

ஸ்கேனை ஒரு நாள் தள்ளிவைத்துத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். நானே நாகர்கோவில் வரை வந்து ரயில் ஏற்றிவிடுகிறேன். நடுவில் ஒரு ஞாயிறுதான். கம்பவுண்டர் வந்து மேட்சுக்கு முன்னால் முழங்காலில் ஊசி போடுவார். பொழுது சாயும் வரை வலியே தெரியாது. வலி தெரியாத கால் நல்ல காலா, கெட்ட காலா? நீங்களே சொல்லுங்கள். ஒருவேளை ஆடி, ஒன்றும் ஆகாமல் இருந்தால் உங்களுக்குத்தானே லாபம், கால் கெட்டி என்று தெரிந்துவிடும். ஏதாவது ஆகிவிட்டால், அதுவும் உங்களுக்கு நல்லதுதான். கையெழுத்துப் போட்ட பிறகு ஆவதைவிட முன்னாலேயே ஆவது மேல் இல்லையா?

கோபப்படாதீர்கள் சார். சாயா ஆறுகிறது.

அவனைப் பார்த்துப் பேச வேண்டுமா? எப்படிப் பார்ப்பீர்கள்? ஆசான் வைத்தியசாலை இங்கே இல்லை, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எந்த ஊர் என்று நான் சொல்வதாக இல்லை. திரும்பி வந்ததும் நேராக மண்டபம்தான். ஃபைனல் வாரத்தில் மண்டபத்துக்குள் வெளியாள் யாரும் நுழைய முடியாது. அவன் அம்மாவாலேயே முடியாது. நான் எதையும் மறைக்கவில்லை, பாருங்கள், எல்லாவற்றையும் உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். ஆடினால் வேண்டாம் என்கிறீர்கள். ஆடுவான் என்று நான் சொல்கிறேன்.

அதுதான் முடிவா? ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் நீங்கள் அவனை எடுக்கப் போவதில்லை? கோச்சிடமும் அப்படியே சொல்லிவிடுவீர்கள்?

சரி. இது நீங்களாக எடுத்த முடிவு. கடைக்காரரே, கேட்டுக்கொண்டீரா? நான் வேண்டாம் என்று சொன்னேனா? அவர்தான் சொன்னார். நாளைக்கு ஊரில் யாரும் கிளீட்டஸ்தான் கெடுத்தான் என்று பேசக் கூடாது. பிலோமி பேசுவாள். பேசட்டும்.

பையை எடுத்துக்கொண்டீர்களா? அதோ, நீங்கள் வந்த பஸ்தான் திரும்பி வருகிறது. சாயாவுக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன், நீங்கள் எங்கள் ஊர் விருந்தாளி. ஏறி வலது பக்கமாக உட்காருங்கள், வெயில் அடிக்காது.

அவனிடம் என்ன சொல்வேன் என்றா? கவலைப்படாதீர்கள், கட்டாயம் சொல்வேன். இன்றைக்கு இல்லை. இன்றைக்குச் சொன்னால் ராத்திரி முழுக்க அழுது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓய்ந்துவிடுவான். அவனை எனக்குத் தெரியும். மேட்ச் அன்றைக்கு, ஊசி போட்டு, பூட்ஸ் கயிறு கட்டுவதற்குக் குனிவான் பாருங்கள், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். "மக்கா, உனக்க கிளப்பு ஆளு வெள்ளிக்கிழமை வந்தாரு. விசாரிச்சாரு. உனக்கக் காலு இனி எதுக்கும் ஆவாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்பேன்.

கொஞ்ச நேரம் அழுவான். பிறகு எழுந்திருப்பான். அந்த நெஞ்சு எரிச்சலோடு மைதானத்தில் இறங்கினான் என்றால், கேரளத்துக்காரன் என்ன, எவன் வந்தாலும் அவனைத் தடுக்க முடியாது. மூன்று நாளாக இதற்குத்தான் வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஆள் சந்தோஷமாகவே திரிந்தான், கோபமே வரவில்லை.

நீங்கள் வந்தது வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள் சார்.